முட்டி மோதிப் பழகினால்தான் அணி தேறுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்), ஆட்டத்தில் மோதுவது போலவே வாரம் முழுக்க முழு வேகத்தில் மோதிப் பயிற்சி செய்யும் அணிதான் ஆட்ட நாளான சனிக்கிழமை ஜெயிக்கும் என்று பழைய கோச்கள் பலர் சொல்கிறார்களே, அது சரியா?

பெரும்பாலும் சரியில்லை என்பதுதான் என் பதில். மோதலே இல்லாமல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் அணிக்குத் தேவைப்படும் மோதலின் அளவு, வழக்கமாகக் கொடுக்கப்படுவதைவிட மிகக் குறைவு. அந்த அளவைத் தாண்டினால் ஆட்டம் தேறுவதில்லை, ஆட்கள்தான் குறைகிறார்கள்.

இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் மோதல் என்பது ஒரே வகை இல்லை. ஆளே இல்லாமல் ஓடிப் பழகுவது ஒன்று. பஞ்சு மூட்டையை இடிப்பது இன்னொன்று. அப்புறம் கோச்கள் ‘தட்’ என்று சொல்லும் வகை: எதிராளியை முழு வேகத்தில் தோளால் இடித்துப் பிடிக்கலாம், ஆனால் கீழே தள்ளக் கூடாது, இருவரும் நின்றபடியே விலக வேண்டும். கடைசி வகைதான் ‘லைவ்’. ஆட்டத்தில் போலவே பந்து வைத்திருப்பவனைத் தரையில் சாய்க்கும் வரை விடக் கூடாது. “எங்கள் அணி கடுமையாக மோதிப் பழகுகிறது” என்று ஒரு கோச் பெருமையாகச் சொன்னால், எந்த வகையைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். ‘தட்’டுக்கும் ‘லைவ்’வுக்கும் நடுவில்தான் இந்த விவாதம் முழுவதும் கிடக்கிறது.

கடும் பயிற்சியை ஆதரிப்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது 1954இல் டெக்சாஸில் நடந்ததை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த கோச் பேர் பிரையன்ட், தன் அணியை ஜங்ஷன் என்ற சின்ன ஊருக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கடும் வறட்சிக் காலம். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பத்து நாள் பயிற்சி, நடுவில் தண்ணீர் குடிக்க அனுமதி இல்லை. போனவர்களில் பாதிக்கு மேல் விட்டுவிட்டு ஓடினார்கள், சிலர் இரவோடு இரவாக. தாக்குப்பிடித்தவர்கள் ஏறக்குறைய 35 பேர். இரண்டு வருடம் கழித்து, 1956இல், அதே கல்லூரி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஒன்பது வெற்றி, ஒரு டிராவுடன் தன் பிரிவில் சாம்பியன் ஆனது. பார்த்தீர்களா, அந்த வெயிலில் புடம் போட்டதால்தான் இந்த வெற்றி என்று கதை முடிந்துவிடும்.

நடுவில் உள்ளதை யாரும் சொல்வதில்லை. அந்த முகாமிலிருந்து நேராக ஆடப்போன 1954 சீசனில் அணியின் கணக்கு ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. பிரையன்டின் நீண்ட கோச் வாழ்க்கையில் தோல்விகள் மிஞ்சிய ஒரே சீசன் அதுதான். பாதிக்கு மேல் ஆட்களை இழந்த அணி வேறெப்படி ஆடும்? 1956இல் ஜெயித்த அணியில் ஜங்ஷனில் பாடுபட்டவர்கள் சிலர்தான் மிச்சம். அந்த அணியின் பெரும் நட்சத்திரமும், 1957இல் கல்லூரி ஆட்டத்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவருமான ஜான் டேவிட் குரோ, ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. அன்றைய விதிப்படி முதல் வருட மாணவர்கள் பெரிய அணியில் ஆட முடியாது, 1954இல் அவர் முதல் வருட மாணவர். ஆக, அந்த முகாமுக்குப் பின் வந்த நல்ல அணியைக் கட்டியது பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்த நல்ல ஆட்டக்காரர்கள். முகாமில் தாக்குப்பிடித்தவர்களின் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உறுதி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. முகாம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களை ஜெயித்த கோச் யார் தெரியுமா? மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் கலியார்டி. 1949 முதல் 2012 வரை கோச்சாக இருந்து 489 ஆட்டங்களை வென்றவர். நான்கு தேசியப் பட்டங்கள்: 1963, 1965, 1976, 2003. அவருடைய பயிற்சியில் யாரும் யாரையும் டேக்கிள் செய்ததில்லை, அதாவது பிடித்துத் தரையில் சாய்த்ததில்லை. விசில் கிடையாது, இடிக்கிற வண்டி கிடையாது, நீண்ட நேரப் பயிற்சி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். தன்னைக் ‘கோச்’ என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருடைய விதி. இதற்கெல்லாம் வேர் அவருடைய பள்ளிக் காலத்தில் இருக்கிறது. 1943இல் கொலராடோவில் அவர் படித்த பள்ளியின் கோச் போருக்குப் போய்விட்டார். அணித் தலைவனான பதினாறு வயதுப் பையன் தானே கோச் ஆனான். ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்காததை, பயனில்லை என்று தனக்குப் பட்டதை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். அணி ஜெயித்தது. எடுத்துப் போட்டதை அவர் கடைசிவரை திரும்பக் கொண்டுவரவே இல்லை.

“அது மூன்றாம் பிரிவு, ஸ்காலர்ஷிப்கூட இல்லாத கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற ஆட்டம், அதைப் பெரிய கல்லூரிகளோடு ஒப்பிடலாமா” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கலியார்டியின் எதிரணிகள் எல்லாம் வழக்கம் போல மோதிப் பழகியவைதான். இவருடைய பையன்கள் மட்டும் மோதாமல் வந்து அவர்களை அறுபது வருடத்துக்கு மேல் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியில் டேக்கிள் செய்யாதவன் ஆட்டத்தில் டேக்கிள் செய்ய மாட்டான் என்பது உண்மையானால் இது நடந்திருக்கவே முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டார்ட்மத் கல்லூரியின் அனுபவம், ஏனென்றால் அங்கே ஒரே கோச்சின் முன்னும் பின்னும் பார்க்க முடிகிறது. பட்டி டீவன்ஸ் அதே கல்லூரியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2005இல் கோச்சாகத் திரும்பி வந்தார். முதல் ஐந்து சீசன்களில் 9 வெற்றி, 41 தோல்வி. 2008இல் ஆடிய பத்திலும் தோல்வி. வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் கோச் வழக்கமாக என்ன செய்வார்? பயிற்சியை இன்னும் கடுமையாக்குவார். டீவன்ஸ் 2010இல் நேர் எதிராகச் செய்தார். தன் ஆட்டக்காரர்கள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதை முழுவதுமாக நிறுத்தினார். சீசனுக்கு முன்பும் கிடையாது, சீசனிலும் கிடையாது. மூட்டைகளையும் பொம்மைகளையும் டேக்கிள் செய்தார்கள். பிறகு கல்லூரியின் இன்ஜினியரிங் பிரிவினர் ரிமோட் கண்ட்ரோலில் ஓடுகிற, திசை மாறுகிற, விழுந்தால் தானே எழுந்து நிற்கிற ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தார்கள். அதைப் பின்னாளில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் போன்ற தொழில்முறை அணிகளும் வாங்கின.

2010இலேயே டார்ட்மத் 6 வெற்றி, 4 தோல்வி என்று எழுந்தது. 2015இல் பத்தில் ஒன்பதை ஜெயித்து எட்டுக் கல்லூரிகள் ஆடும் ஐவி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. இந்த ஆறு வருடங்கள்தான் கவனிக்க வேண்டியவை. அப்போது லீகில் இப்படிப் பழகியது டார்ட்மத் மட்டும்தான், எதிரணிகள் பழைய முறையிலேயே இருந்தன. 2016இல் எட்டுக் கல்லூரிகளின் கோச்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டு, சீசன் நடக்கும்போது பயிற்சியில் டேக்கிள் வேண்டாம் என்று லீக் முழுவதற்கும் விதியாக்கினார்கள். அதற்குப் பிறகு 2019, 2021 ஆண்டுகளில் டார்ட்மத் மீண்டும் பட்டத்தைப் பகிர்ந்தாலும், அதை ஆதாரமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி பழகும்போது எது எதனால் என்று சொல்ல முடியாது. டேக்கிளை நிறுத்தியதால் மட்டுமே டார்ட்மத் எழுந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்ததும் காரணமாக இருக்கும். ஆனால் நிறுத்தியதால் அணி கெட்டுப்போகவில்லை என்பதை மறுக்க முடியாது. நம் கேள்விக்கு அதுவே போதும்.

ஏன் கெட்டுப்போகவில்லை? காரணம் எளிய கணக்கு. பதினொருவருக்குப் பதினொருவர் என்று முப்பது முறை லைவாக ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பந்துக்காரனைச் சாய்ப்பது ஒருவர் அல்லது இருவர். பந்து அந்தப் பக்கம் போகவில்லை என்றால், ஓரத்தில் நின்று தடுக்கும் கார்னர்பேக்குக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு டேக்கிள்கூட வாய்க்காது. அதே நேரத்தில் நான்கைந்து இடங்களில் மூட்டை, பொம்மை, வளையம் என்று வைத்து ஆட்களைச் சுற்றவிட்டால் ஒவ்வொருவரும் இருபது முப்பது முறை செய்துவிடலாம். டேக்கிளில் தவறு நடப்பது பெரும்பாலும் மோதுவதற்கு முந்தைய அடிகளில்தான்: ஓடிவரும் கோணம் தப்புவது, கடைசி நேரத்தில் கால்கள் நின்றுவிடுவது, தலை தவறான பக்கம் போவது, கண் தரையைப் பார்ப்பது. இவற்றைத் திருத்த எதிராளியைத் தரையில் போட வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால் லைவில் திருத்துவதே கடினம். இடி வாங்கி விழுந்து கிடப்பவனிடம் “உன் இடது கால் முன்னால் வந்திருக்க வேண்டும்” என்று சொன்னால் காதில் ஏறுமா?

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஒரு படி மேலே போனார்கள். எரிக் ஸ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினரை ஹெல்மெட் இல்லாமல், சில நிமிடங்கள் மட்டும், மூட்டைகளோடு டேக்கிள் பழக வைத்தார். தலையில் கவசம் இல்லாதபோது யாரும் தலையை முன்னே நீட்ட மாட்டார்கள், தோள் தானாக முன்னால் வரும். சீசன் முடிவில் அப்படிப் பழகியவர்களின் தலையில் விழுந்த இடிகள் 28 சதவீதம் குறைந்திருந்தன. சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக இருந்த பீட் கேரல் 2014இல் ரக்பி பாணியில் தோளால் டேக்கிள் செய்யும் முறையை வீடியோவாக வெளியிட்டதும் இதே எண்ணத்தில்தான். ரக்பியைப் பாருங்கள், ஹெல்மெட்டே இல்லாமல் எண்பது நிமிடம் டேக்கிள் செய்யும் விளையாட்டு. 2021இல் உலக ரக்பி அமைப்பு, முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும் என்று பரிந்துரைத்தது. 15 நிமிடம், ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு.

மறுபக்கம், மோதலின் விலை. இதில் நம்மிடம் நல்ல ஆய்வு இருக்கிறது. 2015 முதல் 2019 வரை ஆறு முதல் பிரிவுக் கல்லூரிகளில் 658 ஆட்டக்காரர்களின் ஹெல்மெட்டுக்குள் சென்சார் வைத்துப் பார்த்தார்கள். பதிவான மூளை அதிர்ச்சிகளில் 72 சதவீதம் பயிற்சியில் நடந்தவை. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி, சீசன் தொடங்கும் முன் நடக்கும் ஆகஸ்ட் முகாம்களில் மட்டும் நடந்தது. அந்த முகாம் மொத்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு நாளுக்கு ஒரு நாள் ஒப்பிட்டால் ஆட்ட நாள்தான் ஆபத்து அதிகம். ஆனால் ஆட்டங்கள் ஒரு டஜன் சொச்சம், பயிற்சி நாட்கள் அதைப் போலப் பல மடங்கு. அதுவும் ஆட்ட நாளின் ஆபத்தைக் குறைக்க விளையாட்டையே மாற்ற வேண்டும். பயிற்சியின் ஆபத்தைக் குறைக்கக் கோச் ஒரு தாளில் நேரத்தை மாற்றி எழுதினால் போதும். இது என்னை உண்மையில் வருத்துகிறது. அந்தப் பையன்கள் யாருக்காகவும் எதையும் ஜெயிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில், தங்கள் சொந்த அணிக்காரனால் அடிபட்டு மூளை அதிர்ச்சியோடு எழுகிறார்கள். டீவன்ஸ் 2023இல் ஒரு சைக்கிள் விபத்தின் காயங்களால் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவதால் வரும் சிடிஇ என்ற மூளை நோய் அவருக்கும் இருந்தது பிறகு தெரியவந்தது. தன் மாணவர்களை எதிலிருந்து காப்பாற்ற நினைத்தாரோ அதுவே.

இந்த ஆய்வு வெளியான 2021லேயே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ விதிகளை மாற்றியது. ஆகஸ்ட் முகாமின் 25 பயிற்சிகளில் முழுக் கவசத்தோடு நடத்தக்கூடியவை அதுவரை 21, அன்றிலிருந்து 9. ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பேரை நேருக்கு நேர் நிறுத்தி முட்டவிடும் ‘ஓக்லஹோமா டிரில்’ போன்றவை அறவே கூடாது. ஓக்லஹோமா பல்கலைக்கழகக் கோச் பட் வில்கின்சன் காலத்திலிருந்து வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட டிரில் அது. என் கருத்தில் அது ஆட்டத்துக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆட்டத்தில், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் எந்த லைன்பேக்கரும் மூன்றடி தூரத்தில், தப்பிக்க இடமில்லாத சந்துக்குள், விசில் சத்தத்துக்காகக் காத்திருந்து மோதுவதில்லை.

சரி, கடும் பயிற்சிக்காரர்களின் வலுவான வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2021, 2022 சீசன்களில் அடுத்தடுத்து தேசிய சாம்பியன். அங்கே கோச் கர்பி ஸ்மார்ட்டின் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி கடுமைக்குப் பேர்போனது. முதல் அணியின் தாக்குதல் வரிசைக்கு எதிராக முதல் அணியின் தடுப்பு வரிசையையே நிறுத்தி ஆடவிடுவார்கள். இதற்குப் பலன் இருக்கிறது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலன் எங்கிருந்து வருகிறது? நாட்டின் மிகச் சிறந்த லைன்மேன் (முன்வரிசைக்காரன்), நாட்டின் மிகச் சிறந்த இன்னொரு லைன்மேனோடு முழு வேகத்தில் மோதுகிறான். அந்த வேகத்துக்குக் கண்ணும் கையும் பழகுகின்றன. அந்த வேகம் ‘தட்’ முறையிலும் முழுவதும் கிடைக்கும். ஆளைக் கீழே போடுவதால் கூடுதலாகக் கிடைப்பது முழங்காலில் யாராவது வந்து விழும் வாய்ப்பு. இன்னொன்று, ஜார்ஜியாவில் ஒருவன் அடிபட்டால் அடுத்து வரிசையில் நிற்பவனும் வேறு எந்தக் கல்லூரியிலும் முதல் அணியில் ஆடக்கூடியவன். அந்த வசதி இல்லாத கல்லூரி ஜார்ஜியாவின் செவ்வாய்க்கிழமையை நகல் எடுத்தால், அக்டோபரில் சனிக்கிழமைக்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

மோதல் தேவைப்படும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. முன்வரிசை லைன்மேன்களின் வேலையே மோதல். கை எங்கே படுகிறது, இடுப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொம்மையிடம் கற்க முடியாது. அவர்களுக்கு வாரத்தில் கொஞ்ச நேரம் நிஜ ஆளோடு நிஜ வேகம் வேண்டும். அங்கேயும் நேரத்தை எண்ணித்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு விழுவது பெரிய இடி இல்லை, ஓயாத சின்னச் சின்ன இடிகள். பள்ளியிலிருந்து நேராக வரும் பதினெட்டு வயதுப் பையன் கல்லூரியில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் வேகத்தை ஒரு முறையாவது லைவில் சந்திக்காமல் செப்டம்பர் ஆட்டத்துக்குப் போனால் திணறுவான். கீழே விழும்போது பந்தை விடாமல் இருக்க ரன்னிங் பேக்கும் விழுந்து பழக வேண்டும். புதிய ஆட்களில் யார் ஆட்டத்துக்குத் தயார் என்று கோச் பார்க்கவும் ஒரு நிஜ ஆட்டம் வேண்டும். இதற்கெல்லாம் ஆகஸ்டில் விதி அனுமதிக்கும் இரண்டு ஸ்கிரிமேஜ்களும் (அணிக்குள்ளேயே நடத்தும் பயிற்சி ஆட்டங்கள்), இளைய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாகச் சில லைவ் ஆட்டங்களும் போதும் என்பது என் எண்ணம். மூன்று வருடம் முதல் அணியில் ஆடிய லைன்பேக்கருக்கு டேக்கிள் மறந்துபோகாது.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லை எடுத்துக்கொண்டால், ஆட்டக்காரர் சங்கத்தோடு 2011இல் செய்த ஒப்பந்தத்திலிருந்து சீசன் முழுவதற்கும் சேர்த்துக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான். அதற்குப் பிறகு டேக்கிள் தரம் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. சீசனின் முதல் வாரங்களில் அந்தப் புலம்பலில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் சம்பளத்தோடு வேலையும் போகும் அபாயத்தில் இருக்கும் அந்தக் கோச்கள் தங்களுக்குக் கிடைத்த அந்த 14 நாட்களில்கூட, முக்கியமான ஆட்டக்காரர்களைத் தரையில் சாய்க்க விடுவதில்லை. சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ களத்தில் நிற்கும் ஆள்தான் அணியின் பலம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கல்லூரிகளில் இந்தக் கணக்கு இப்போது இன்னும் இறுகிவிட்டது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025இல் ஏற்பட்ட சமரசத்தை ஏற்ற பெரிய கல்லூரிகளில் அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. முன்பு ஸ்காலர்ஷிப் பெறும் 85 பேருக்கு மேல், ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து எதிரணி போல வேடமிட்டு முதல் அணியிடம் அடி வாங்கப் பலர் இருந்தார்கள். அந்தக் கூட்டம் இப்போது சுருங்கிவிட்டது. முகாமில் பத்துப் பேர் அடிபட்டால் சில இடங்களுக்குப் பயிற்சி நடத்தவே ஆள் போதாது. அதனால், மனது மாறாத பழைய கோச்கள்கூட வாரத்தில் ஒரு நாள் ‘தட்’, ஆகஸ்டில் இரண்டு ஸ்கிரிமேஜ், மீதி எல்லாம் மூட்டையும் பொம்மையும் என்ற கணக்குக்கு வந்து சேருவார்கள் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.